நூற்றியோராவது படம்

பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா.

ஆவணக் காப்பகத்தில் ஒருத்தி வேலை பார்த்தாள். கோப்புகளைக் காலாகாலத்துக்கும் கெடாமல் வைத்திருக்க மூன்று மென்பொருள்கள் வந்திருந்தன. எதை வாங்கலாம் என்று அவள்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். சோதனைக்கென்று தன் மகளின் படங்கள் நூறை உள்ளே போட்டாள். நூறும் பழுதில்லாமல் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.

முதல் மென்பொருள் நூற்றியொன்று கொடுத்தது. கூடுதலாக வந்த படத்தில் மகள் வீட்டுக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று காலை இவள் போட்டுவிட்டு வந்த அதே மஞ்சள் கவுன்.

இரண்டாவது வேறு கம்பெனியுடையது. அதுவும் நூற்றியொன்றுதான் கொடுத்தது. இந்தப் படத்தில் மகள் விழித்துக்கொண்டு, படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரித்தாள்.

மூன்றாவது கொடுத்த கூடுதல் படத்தில் கட்டில் காலியாக இருந்தது.

வீட்டில் மகளைப் பார்த்துக்கொண்டிருந்த கணவருக்குப் போன் போட்டாள்.

"பாப்பா எங்கங்க?"

"என்னைக் கேக்குற?" அவர் சிரித்தார். "நீதானே இப்ப வந்து தூக்கிட்டுப் போன. செருப்பைக்கூடக் கழட்டல, அப்படி என்ன அவசரம்?"