நேரலைக்கு முன் சிந்திய கோப்பி

தபோதரனின் கையில் இருந்த கோப்பி இப்போது ஃபிராவ் பிரான்டா அம்மையாரின் வெள்ளைச் சட்டையில் இருக்கிறது. அவன் வேலை கேபிள் சுருட்டுவது. கோப்பி கொடுத்து உபசரிக்கும்படி யாரும் அவனைக் கேட்கவில்லை. அவரோ முன்னாள் ஜனாதிபதியின் மனைவி. கல்யாணத்துக்கு முன் வானொலியில் செய்தி வாசித்தவர், கணவரின் பதவிக்காலம் முடிந்து இன்றுதான் ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள இந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் முதன்முதலாக நேரலைக்கு வந்திருக்கிறார். ஒப்பனைக்காரி நேசமலர் தலைமயிர் உலர்த்தும் கருவியைக் கறைமேல் பிடிக்கிறாள். கறை காய்கிறதே தவிர, போகிற எண்ணம் அதற்கு இல்லை. “அக்கா, என்னை வேலையால நிப்பாட்டிப் போடுவினமோ?” “பேசாமல் நில்லும். கோப்பி குடுக்கச் சொல்லி உமக்கு ஆர் அன்ட்ராக் எழுதி விண்ணப்பிச்சது?” அவன் வேலை நிலைக்குமா என்று தயாரிப்பாளரைக் கேட்டால், அம்மையார் சொல்கிறபடிதான் என்று தோளைக் குலுக்குகிறார். நேசமலரின் சாம்பல் நிற ஸ்வெற்றரைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு அம்மையார் கமெரா முன் அமர்கிறார். சிவப்பு விளக்கு எரிகிறது. ஒளிக்கற்றையில் தூசி மெல்ல மிதக்கிறது. முதல் வாக்கியத்தில் நடுங்கிய குரல் இரண்டாவதில் நிமிர்ந்துகொள்கிறது. தபோதரன் கேபிளோடு மூச்சையும் சுருட்டிப் பிடித்தபடி நிற்கிறான். விளக்கு அணைந்ததும் கிட்டப் போய், தெரிந்த ஜெர்மனில் கேட்டே விடுகிறான்: “என்மேல் கோபமா?” சுற்றி நிற்பவர்கள் அவருக்குப் பதிலாக, இல்லை என்று சிரிக்கத் தொடங்குகிறார்கள். “கோபம்தான்,” என்கிறார் அவர். “இத்தனை வருஷம் ஜனாதிபதியின் மனைவியாக, யார் கேட்டாலும் இல்லையென்று சிரிப்பதுதான் என் வேலை. அது முடிந்தது. நாளைக்கும் கோபமாகத்தான் இருப்பேன். நீங்கள் நேரத்துக்கு வேலைக்கு வந்துவிடுங்கள்.”