பளபளத்த தகடு

“கரி ஏத்த மறந்துட்டேன்லா.”

ஆய்வுக்கு வழிகாட்டும் டாக்டர் பிரமிளா சொன்னது அவ்வளவுதான். நூருல் ஹுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்றே ஏற்றி வைக்கிறேன் என்றவர், மறந்துட்டாராமே! எலக்ட்ரான்களை அளக்கும் அந்த இயந்திரம் காம்பார் பல்கலைக்கழகத்துக்கே ஒன்றுதான். இன்று அவள் முறை. விட்டால் அடுத்த மாதம். ஆய்வேட்டையோ இந்த மாதக் கடைசியில் கொடுத்தாக வேண்டும்.

மேசைமேல் செப்புத் தகடு பளபளவென்று பல்லைக் காட்டியது. இப்படியே உள்ளே வைத்தால் கண்ட எலக்ட்ரான்களும் அதில் பட்டுத் தெறித்து, அளவில் இரைச்சலாகக் கலந்துவிடும். மெழுகுவத்திப் புகையில் காட்டிக் கரி ஏற்றினால் கரி அவற்றை விழுங்கிவிடும். இனி ஏற்றி, உள்ளே வைத்து, காற்றை உறிஞ்சி எடுப்பதற்குள் இன்றைய பொழுது போச்சு.

“ஒரு நாள் கையுறை போடாததுக்கு என்னை எப்படி ஏசினீங்க டாக்டர்?”

“இப்ப நீ என்னை ஏசு. ஏசிக்கிட்டே தகட்டைப் பிடி.”

சிரிப்பு வேறு! நூருல் இடுக்கியில் தகட்டைப் பிடித்தாள். பிரமிளா அதன் அடியில் மெழுகுவத்தியைக் காட்டினார்.

“போன மாசம் தெரியாம மெஷின் பிளக்கைப் பிடுங்கின துப்புரவுக்கார அண்ணனை மறுநாளே வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. டாக்டர்னா மட்டும் மன்னிப்பு, இல்ல?”

பிரமிளாவின் சிரிப்பு நின்றது.

“நாளைக்கு என் முறை. நீ எடுத்துக்கோ.”

தப்பு செய்தவர் கொடுக்கத்தானே வேண்டும்! நூருல் நன்றிகூடச் சொல்லவில்லை.

கதவு திறந்தது. போன வாரம்தான் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த முத்தம்மா, வாளியோடு எட்டிப் பார்த்தார்.

“டாக்டர், நேத்து சாயங்காலம் ஒரு தகடு கரிச்சட்டியாட்டம் கெடந்துச்சே, பாவமா இருந்துச்சு. கேண்டீன்ல புளி கேட்டு வாங்கியாந்து தேய் தேய்னு தேச்சு வெச்சேன். பாத்தீங்களா?”

பிரமிளா மெழுகுவத்தியை ஊதி அணைத்தார்.

“பாத்தேன்க்கா. தங்கமாட்டம் மின்னுச்சு.”

முத்தம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. நூருல் பக்கம் திரும்பினார்.

“உனக்கும் புடிச்சுதாம்மா?”

நூருல் கரித்தகட்டை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“ரொம்பப் புடிச்சுதுக்கா. எடுத்து உள்ள வைக்காம அழுக்காப் போட்டுட்டுப் போனது எங்க தப்பு. மறந்துட்டோம்லா.”