இன்னும் நாலு கிலோ

"ஏறுங்க மாமா!" செங்கமலம் கணவனின் சட்டையைப் பிடித்து, பேசும் எடை மெஷினை நோக்கி இழுத்தாள். குமரவேல் கதவு நிலையைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டான்.

"கிறுக்கு புடிச்சிருச்சா? உடு கண்ணு."

"தெனமும் என்னைய மட்டும் ஏத்திப் பாக்கறீங்களே, யாருகிட்ட என்னைய வெல பேசியிருக்கீங்க?"

சந்தேகப்படாமல் எப்படி இருப்பாள்? கல்யாணத்தின்போது குச்சியாக இருந்தவளுக்கு முட்டையும் கொள்ளும் பச்சைப்பயறுமாக ஊட்டித் தள்ளினான். பொங்கலன்று ஆசையாக எடுத்த இனிப்பு ஒப்பிட்டைக்கூடக் கையிலிருந்து பிடுங்கினான். கொழுப்பு ஏறக்கூடாதாம், சதைதான் ஏற வேண்டுமாம். அரிசி மூட்டையைக் கட்டிலிலிருந்து தூக்கிக் குளியலறை வரை சுமக்க வைத்தான். அவள் எடை கூடிய அன்றைக்கெல்லாம் குனிந்து மெஷினிடம் ஏதோ கிசுகிசுத்தான்.

மனிதச் சதையை வெட்டி எடுத்து விலைக்கு வாங்கும் கம்பெனிகள் இப்போது கோவையில் தெருவுக்குத் தெரு முளைத்துவிட்டன. எதிர் வீட்டுப் பூங்கோதை நேற்றுத்தான் சொன்னாள்: "உன்ற ஊட்டுக்காரரு உன்னைய வளக்கறதப் பாத்தா, கோயிலுக்கு நேந்து உட்ட கெடா ஞாபகம் வருது புள்ள."

செங்கமலம் அவனை இடுப்போடு சேர்த்து அப்படியே தூக்கி மெஷின் மேல் நிறுத்தினாள். தூக்கியவளுக்கே திகைப்பு. ஆள் பஞ்சாக இருந்தான்.

மெஷின் இனிமையாகப் பேசியது.

"வணக்கம் குமரவேல். தொடைச் சதை மேலும் கரைந்திருக்கிறது. சித்திரைக்குப் பிறகு உங்களால் நடக்க முடியாது. உங்களைத் தூக்கிச் சுமக்கப்போகிறவருக்கு இன்னும் நாலு கிலோ சதை வேண்டும்."