வடிதாளில் நின்ற தூள்
தேயிலைத் தோட்டத்து ஆய்வறை ஜன்னலில் காலைப் பனி அப்பியிருக்கிறது. பூச்சிமருந்துத் தூள் கலந்த தண்ணீரைக் குணாளன் வடிதாளில் ஊற்றுகிறான். கீழே சொட்டுவது தெளிந்த தண்ணீர்; தூள் முழுவதும் தாளிலேயே நிற்கிறது. போன வாரம் வடிகட்டாமல், கலங்கலைப் பார்த்தே, ‘நன்றாகக் கரைகிறது, கலக்காமல் அடிக்கலாம்’ என்று சொன்னவன் அவன்தான். தொட்டியடியில் தங்கிய தூள் கெட்டியாகத் தெளிபட்டுக் கொழுந்தைக் கருக்கிவிட்டது. மருந்தடித்த காளிமுத்துவுக்கு வேலை போயிற்று. குணாளன் கட்டிக்கொள்ளப்போகும் பவளத்தின் அப்பா அவர். இப்போது வாசலில் நிற்கிறார். “தப்பு என்னோடது மாமா. தோட்டத்துத் துரைகிட்ட சொல்லிடறேன்.” “வேணாம்லா, மாப்பிள்ளை. நானாத்தான் கலக்காம விட்டேன்னு ஒத்துக்கிட்டேன். உங்க வேலையாச்சும் இருக்கட்டும்.” குணாளன் ஈரத் தாளோடு எழுகிறான். காளிமுத்து கதவை மறிக்கிறார். அந்தக் கணத்தில் உள்ளே எழும் நிம்மதியில் அவனுக்கு உடம்பே கூசுகிறது.