காரணம் இல்லை

“கால்ல அடி ஏதாவது பட்டுச்சா?” என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

இல்லை என்று சொன்னது என் கணவர்.

கால் என்னுடையது. அதில் ரத்தம் உறைந்து, கட்டி நுரையீரல் வரை ஏறி, மூச்சு முட்டி நடுக்கூடத்தில் விழுந்ததும் நான்தான். ஆறு மாதமாக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை விழுங்குவதும் நான்தான். பதில் மட்டும் அவருடையது.

இன்றைக்கு முடிவு சொல்லும் நாள். மாத்திரையை நிறுத்தினால் கட்டி திரும்ப வருமா என்று டாக்டரம்மா கணக்குப் போடுகிறார். கட்டி வந்ததற்கு ஒரு காரணம் இருந்து, அது இப்போது இல்லையென்றால் பயம் குறைவு, இன்றே நிறுத்திவிடலாமாம். காரணமே இல்லாமல் வந்திருந்தால் ஆயுசுக்கும் மாத்திரைதான்.

போன வாரம் வெங்காயம் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டேன். ரத்தம் நிற்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆயுசு முழுக்க இப்படியா என்று அழுகையே வந்துவிட்டது.

டாக்டரம்மா அடுத்தடுத்துக் கேட்டார். ஆபரேஷன்? இல்லை. நீண்ட பயணம்?

என் கணவர் சிரித்தார். “இவளா? வாசப்படி தாண்ட மாட்டா டாக்டர். வாயில்லாப் பூச்சி.”

எப்படித் தாண்டுவதாம்? வீட்டுக்கு இருப்பது ஒரே சாவி. வெளியே பூட்டிவிட்டு, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவார்.

டாக்டரம்மா பேனாவை வைத்தார். “வேற மாத்திரை ஏதாவது சாப்பிட்டுட்டு இருந்தீங்களா? நீங்க சொல்லுங்கம்மா.”

எத்தனை நாள் கழித்து ஒருத்தர் என்னைக் கேட்கிறார். பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

என் கணவர் கை என் தோளில் வந்து உட்கார்ந்தது. பார்ப்பவர்களுக்குப் பாசமாகத்தான் தெரியும்.

“இல்லீங்க” என்றேன்.

காரணம் இல்லை என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டார். ஆயுசுக்கும் மாத்திரை என்றார்.

“ஆறு மாசத்துக்குக் குழந்தை வேண்டாம்னு சொல்லியிருந்தீங்களே” என்றார் அவர். “அதுக்கு முன்னாடியே ரெண்டு வருஷமா காத்துக்கிட்டு இருக்கோம்.”

“இனி தடையில்ல. முன்கூட்டியே சொல்லுங்க, இந்த மாத்திரை குழந்தைக்கு ஆகாது, ஊசிக்கு மாத்திக்கலாம்.”

அவர் என் தோளை அழுத்தினார். குழந்தை வந்துவிட்டால் அந்த வீட்டை விட்டு நான் கிளம்பவே முடியாது.

அந்த ரெண்டு வருடமும் அக்கா மாதாமாதம் வந்து, ஜன்னல் கம்பி வழியாகக் கருத்தடை மாத்திரை அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவாள். கட்டி வந்ததற்குக் காரணம் அதுதான்.

இனி அதையும் விழுங்க முடியாது.