இரண்டாவது இமைப்பு

கல்யாண மண்டபத்தில் நாற்காலி போடும் சத்தத்துக்கு நடுவே, செத்துப்போன முருகப்பன் திரையில் கண்ணை இமைத்தார்.

ஒரு முறை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை.

தான் வரைந்ததுதான் என்றாலும் அபிக்கு உடம்பு சிலிர்த்தது.

நாளைக் காலை முருகப்பனின் மகள் விசாலிக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் அப்பச்சி திரையில் வந்து மகளைப் பார்க்க வேண்டும், அது போதும் என்று கேட்டு வந்தவர் அவருடைய மனைவி சிகப்பி ஆச்சி. இப்போதெல்லாம் இறந்தவர்கள் கம்ப்யூட்டரில் எழுந்து நடந்து வந்து அட்சதை போட்டுவிட்டுப் போகிறார்கள். அபிக்கு அந்தக் கூத்து பிடிக்காது. அவள் கையால் வரைகிறவள்.

அவளுக்கு ஒரு குரு உண்டு. ஜப்பான்காரர். அவள் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தவர். டிவிக்கு வாராவாரம் கார்ட்டூன் கொடுக்க ஆளும் காசும் போதாத காலத்தில் அவர் பிடித்த வழி: உடம்பை அசைக்காதே, கண்ணையும் வாயையும் மட்டும் அசை, வரைந்ததையே திரும்பப் போடு. காரைக்குடிக்காரிக்குச் சிக்கனம் சொல்லித்தர ஜப்பானிலிருந்து ஆள் வரவேண்டியிருக்கிறது என்று அபியின் அம்மா கேலி செய்வார்.

முருகப்பனையும் அப்படித்தான் வரைந்தாள். அசையாத தோள், சாய்ந்த முகம். இமைப்பை ஒரு தடவை வரைந்து இரண்டு தடவை போட்டாள். ஒன்றோடு நிறுத்தினால் கண்ணில் தூசி விழுந்தது போலிருக்கும் என்பது அவள் கணக்கு.

ஒத்திகை பார்க்க வந்த ஆச்சி அழுவார் என்று நினைத்தாள். அழவில்லை. முகம் வெளுத்து, பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். விசாலி இதைப் பார்த்துவிட்டாளா என்று கேட்டார். இல்லை என்றாள் அபி.

“ஒண்ணை எடுத்துரு, ஆத்தா.”

எடுத்தால் நன்றாக இருக்காது என்று அபி சொல்லிப் பார்த்தாள். ஆச்சி காதில் வாங்கவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னார். பக்கவாதம் வந்து படுத்த இரண்டு வருஷமும் முருகப்பனுக்குப் பேச்சு கிடையாது. கண்தான் பேச்சு. ஒரு தடவை மூடித் திறந்தால் சரி. இரண்டு தடவை என்றால் வேண்டாம். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும்.

விசாலி தானே விரும்பிய மாப்பிள்ளை. ஆனாலும் அப்பச்சி சரி என்றால்தான் கல்யாணம் என்று பிடிவாதமாக இருந்தாளாம். கேட்கத் தைரியமில்லாமல் அப்பச்சி படுத்திருந்த அறை வாசலிலேயே நின்றுகொண்டாள். உள்ளே போய்க் கேட்டது ஆச்சிதான்.

தன் சிக்கனம் எங்கே கொண்டுவந்து விட்டது என்று அபிக்குப் புரிந்தது. இரண்டாவது இமைப்பை அழித்தாள்.

திரையில் முருகப்பன் ஒரே ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார்.

“அன்னைக்கும் ரெண்டுல ஒண்ணைத்தான் வெளிய வந்து சொன்னேன்” என்றார் ஆச்சி.