புறவாசல் வெளிச்சம்

“கடலைப் பாத்து சிவப்பு லைட் அடிச்சது யாருக்கு, சார்வாள்?”

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார். ஆலந்தலைக்குப் பக்கத்தில் தனியாக நின்ற அந்த வீட்டின் முன்னால் ஜீப் நின்றது. இலங்கைக்குப் படகில் டீசல் கடத்துகிறவர்களைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த காலம் அது.

“யாருக்கும் இல்ல. நட்சத்திர மேப் பாக்கதுக்கு” என்றார் செல்வதுரை வாத்தியார். “வெள்ளை லைட்டுன்னா கண்ணு கூசிரும். பெறவு வானம் தெரியாது.”

“புறவாசல்ல பெரிய குழாய் ஒண்ணு நிக்கே?”

“டெலஸ்கோப்பு. அதுல கேமராவ மாட்டி கேலக்ஸியப் படம் எடுக்கேன்.”

அவர் குரலில் பயமும் இல்லை, பெருமையும் இல்லை. மகள் கிருபை மூளைக்காய்ச்சலில் போனதிலிருந்து எல்லாவற்றையும் அந்தக் குரலில்தான் சொன்னார். மனைவி ஜீவமணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“முப்பிடாதி, ஃபிலிம எடுத்துட்டு வாரும்” என்றார் இன்ஸ்பெக்டர்.

கான்ஸ்டபிள் முப்பிடாதி நேரே அடுக்களைக்குப் போய் பிரிட்ஜைத் திறந்தார். சூடு பட்டால் கெட்டுவிடும் என்று வாத்தியார் மீன் சட்டிக்குப் பின்னால் வைத்திருந்த ரோல்களை அள்ளிக்கொண்டு வந்தார். டெலஸ்கோப்பும் ஜீப்பில் ஏறியது, வாத்தியாரும் ஏறினார்.

திருச்செந்தூரில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துக் கழுவிப் பார்த்தார்கள். எல்லாம் கறுப்பு. நடுவில் நீரில் கரைந்த சுண்ணாம்பு மாதிரி ஒரு சுழி.

இன்ஸ்பெக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்கா சார்வாள் விடிய விடிய உக்காருதிய?”

“ஆமா.”

“தப்பா நினைக்காதிய. தகவல் வந்தா நாங்க பாத்துத்தான் ஆகணும்.”

“யார் சொன்னா?”

“அதச் சொல்லக் கூடாது.”

சாயங்காலம் அதே ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். வாத்தியார் சட்டையைக்கூட மாற்றவில்லை. டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு நேரே புறவாசலுக்குப் போய், அதன் காலை மணலில் அழுத்தி நிறுத்தினார்.

ஜீவமணி பின்னாலேயே வந்தாள். “இன்னைக்குமா?”

“மேகம் இல்ல.”

“திரும்பவும் போலீஸ் வந்தா?”

“வரட்டும்” என்றார் அவர், திருகைத் திருகிக்கொண்டே. “நமக்கு ஆகாதவன் எவனோ சொல்லியிருக்கான். எவன்னுதான் தெரியல.”

ஜீவமணி டெலஸ்கோப்பின் மேல் கையை வைத்தாள். கிருபையை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு, அன்றுதான் அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

“நாந்தான் சொன்னேன். உள்ள ஒத்தையில படுக்க முடியலங்க.”